இன்னும் கீழே

கட்டிலின் நாலு கால்களுக்கும்
தொழுவத்திலிருந்து தூக்கி வந்த கட்டைகளை
அண்டைக் கொடுத்து உயர்த்தியிருந்தேன்.
பிள்ளை பிடிக்க வருகிறவளின் முதுகு நோகக்கூடாதென்று
ஃபிரீஸ்லாந்தில் இப்படியோர் ஏற்பாடு.
சீட்ஸ்கே ஒருமுறைகூட அதில் ஏறவில்லை.

ஏழு வாரம் வகுப்புக்குப் போனோம்,
லியூவார்டனில், பல் மருத்துவர் வீட்டு மேல்மாடிக்கு.
நாலு எண்ணி மூச்சை இழுத்தோம்.
ஆறு எண்ணி விட்டோம்.
லாவெண்டர் எண்ணெய் வாங்கினோம்.
அலைச் சத்தம் பதிந்த தட்டு ஒன்றும்.
(கடல் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.
ஜன்னலைத் திறந்தால் இலவசம்.)

நவம்பர். இரவு இரண்டு மணி.
சர்க்கரைக்கிழங்கு லாரிகள்
வீட்டை உலுக்கிக்கொண்டு போயின.
எண்ணெய் அவளுக்குக் குமட்டியது.
"அந்த எழவை நிறுத்து" என்றாள் அலைகளை.
நான் எண்ணத் தொடங்கினேன்.
மூன்றில் என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.
"எண்ணாதே."

வெந்நீர் கொஞ்ச நேரம் பேச்சைக் கேட்டது.
குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து
ஷவரை வயிற்றின்மேல் பிடித்துக்கொண்டாள்.
தோள் இறங்கியது.
மாமியாரைப் பற்றி ஒரு வேடிக்கைகூடச் சொன்னாள்.
எண்பது லிட்டர் பாய்லர்,
நாற்பது நிமிடம் வந்தது.
அந்த நாற்பது நிமிடத்துக்காக
அந்தத் துருப்பிடித்த தகரத்துக்கு
நான் கடன்பட்டவன்.

அப்புறம் சுவர்.
அப்புறம் மாடிப்படிக் கைப்பிடி.
அப்புறம் என் கழுத்து.

மார்லூஸ் வந்தாள்,
சைக்கிள் விளக்கை அணைக்க மறந்து.
ஈரக் கோட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.
பையைத் திறக்கவில்லை.
சீட்ஸ்கேயின் கத்தல்
தொண்டை உச்சியில் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தது.
"இன்னும் கீழே" என்றாள் மார்லூஸ்.
"குரலைக் கீழே இறக்கு.
மார்புக்கு. வயிற்றுக்கு.
பாதம் ஊன்றிய பலகைக்கு."

அடுத்த வலியில்
என் மனைவி மாடு போலக் கத்தினாள்.
உவமைக்குச் சொல்லவில்லை.
அறுபது மாடு வைத்திருப்பவனுக்கு
அந்த ஒலி தெரியும்.
தொழுவத்திலிருந்து ஒன்று பதில் கொடுத்தது.
மூவரும் சிரித்தோம்,
அவள் பாதிவரைக்கும்.

"சும்மா நிற்காதே" என்று
என் கையை இழுத்து
அவள் இடுப்பெலும்பின் அடியில் வைத்தாள் மார்லூஸ்.
அழுத்தினேன்,
ரொட்டி வெந்ததா என்று பார்ப்பதுபோல.
"இன்னும் கீழே." இது சீட்ஸ்கே.
"இன்னும். உடைந்தால் உடையட்டும்."

எத்தனை கன்றுகளை இழுத்த கைகள் இவை.
இழுக்க மட்டுமே தெரிந்தவை.
முட்டுக்கொடுப்பது புது வேலை.
உள்ளிருந்து அது தள்ள
வெளியிலிருந்து நான் தள்ள
நடுவில் அவள்,
புயலில் இரண்டு பேர் பிடித்த கதவு.
வலி போனதா என்றால், இல்லை.
அதற்கு ஒரு சாய்மானம் கிடைத்தது,
அவ்வளவுதான்.

விடிய ஒரு மணி நேரம் இருக்க
"முடியவில்லை" என்றாள்.
"ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஊசி போடட்டும்."
மார்லூஸ் மறுக்கவில்லை, தேற்றவுமில்லை.
"போகலாம். இருபது நிமிட வழி.
கூப்பிடட்டுமா?"
கதவு திறந்திருக்கிறது என்று
தெரிந்ததாலோ என்னவோ,
"இந்த ஒன்று போகட்டும்" என்றாள்.
அது போனது.
"இந்த ஒன்று" என்றாள் மறுபடி.
போனைக் கையிலேயே வைத்திருந்தாள் மார்லூஸ்,
கடைசிவரை, அவள் கண்ணில் படும்படி.

உயர்த்திய கட்டில் அப்போதுதான் உதவியது.
அதன் விளிம்பில் முழங்கை ஊன்றி, நின்றபடியே.
ஆறு பத்து.
கறக்கும் நேரம் தாண்டித்
தொழுவமே கத்திக்கொண்டிருக்க
அதற்கு மேல் ஒரு மெல்லிய குரல்,
கீழே இறங்க
இன்னும் கற்றுக்கொள்ளாதது.

மறுநாள் என் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன.
கறவை எந்திரத்தை மாட்ட மைத்துனன் வந்தான்.
"கையில் என்ன?" என்றான்.
வழுக்கி விழுந்தேன் என்றேன்.
எதைச் சொல்ல, யாருக்கு முன்னால்?

இரவு, விளக்கை அணைக்கப் போனேன்.
பால் குடித்துக்கொண்டிருந்தது பெண்.
கண்ணை மூடியபடி சீட்ஸ்கே சொன்னாள்:
"அடுத்ததற்குள்
நூற்றைம்பது லிட்டர் பாய்லர் வாங்கிவிடு."

என்ன சொன்னாய் என்று திரும்பினேன்.
தூங்கியிருந்தாள்.